வெண்மதி மேடமும் ஞாயிற்றுக்கிழமைக் கணவனும்

வெண்மதி இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு கேள்வியால்.

கடலூர் மாவட்டத்து வருவாய்த் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் அவள். பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கிய அப்பாவுக்கு மூன்றாவது பெண். தேர்வு எழுதி, இளநிலை உதவியாளராக நுழைந்து, வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று படிப்படியாக ஏறி, துணை ஆட்சியராக ஆனாள். வாய் மட்டும் எந்தப் படியிலும் அடங்கவில்லை. ஒருநாள் ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி ஒருவர் நேரத்தை வீணாக்காமல் வேலை செய்வது எப்படி என்று காலையிலிருந்து மத்தியானம் தாண்டியும் பேசினார். பேசி முடித்து, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். முப்பது அதிகாரிகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்மதி எழுந்து, "சாப்பாடு எப்ப சார்?" என்று கேட்டாள்.

அடுத்த இடமாறுதல் உத்தரவில் அவள் பெயர் முதலில் இருந்தது.

புது வேலையின் பெயர் பலகையில் இரண்டு வரிக்கு ஓடியது. சுருக்கமாகச் சொன்னால், அரசு உதவித்தொகை கேட்டு, இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்தால் அவர்களைக் கூப்பிட்டு விசாரித்துத் தீர்ப்பு எழுதுவது. முதியோர், விதவைகள், உடல் முடியாதவர்கள், கணவன் விட்டுவிட்டுப் போன பெண்கள் எல்லாரும் இதில் அடக்கம். செவ்வாய்க்கிழமை கடலூரில், வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில். சக அதிகாரிகள் இதை 'அழுவாச்சி சீட்' என்பார்கள். அங்கே போனவர்கள் ரத்தக்கொதிப்போடு திரும்பி வந்ததாகவும் சொல்லி, அனுதாபத்தோடு ஒரு பூங்கொத்து கொடுத்து அனுப்பினார்கள்.

முதல் மாதமே வெண்மதிக்கு விஷயம் புரிந்துவிட்டது. வருகிறவர்கள் யாரும் அழுவதில்லை. அழுகையெல்லாம் கீழே உள்ள அலுவலகங்களிலேயே தீர்ந்துபோய்விடுகிறது. இங்கே வருகிறபோது மிச்சம் இருப்பது வெறும் வாய்தான். அது அவளுக்கும் ஒத்துப்போயிற்று.

அவள் விசாரித்த முதல் சில ஆட்களில் தாண்டவராயன் ஒருவர். எழுபது தாண்டிய மனிதர். முதியோர் உதவித்தொகை கேட்டிருந்தார். 'மனுதாரர் திடகாத்திரமாக உள்ளார், உழைத்துப் பிழைக்கும் வல்லமை உடையவர்' என்று எழுதி நிராகரித்திருந்தார்கள். எதிரே நின்றவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, உக்காருங்க. உங்களப் பாத்துத் திடகாத்திரம்னு எழுதுனவரு எப்பிடி எழுதுனாரு?"

"விசாரணைக்கு வந்தாரும்மா. வெயிலு. எளநி இருக்கான்னாரு. மரம் இருக்கு, ஏற ஆளு இல்லன்னேன். மூஞ்சிய ஒரு மாதிரி வச்சாரு. சரி, வேலை ஆவணுமேன்னு நானே ஏறிட்டேன். ரெண்டு எளநி குடிச்சிட்டுப் போயி இத எழுதிட்டாரு. எறங்குறப்ப வழுக்கி விழுந்து நான் ஒரு வாரம் படுத்துக் கெடந்தது அவருக்குத் தெரியாது."

வெண்மதி அந்த இடத்திலேயே உத்தரவு எழுதினாள். அதில் கடைசி வரி, 'இனி விசாரணைக்குச் செல்லும் அலுவலர்கள் தண்ணீர் பாட்டில் கொண்டுசெல்வது நலம்' என்று இருந்தது. அவளுடைய உதவியாளன் ஜெயப்பிரகாஷ் அந்த வரியை நீக்கிவிடலாமா என்று மூன்று தடவை கேட்டான்.

ஜெயப்பிரகாஷ் நல்லவன். அரசாணை எண்களைத் தேதியோடு சொல்லுவான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான் என்று அவன் மனைவியே ஒருமுறை போனில் குறைப்பட்டுக்கொண்டாள். விதியில் இல்லாத எதையும் அவனால் காதால் கேட்க முடியாது. வெண்மதி விதியில் இல்லாததை மட்டுமே பேசினாள். இருவருக்கும் நடுவில் வேலை எப்படியோ நடந்தது.

சிதம்பரத்தில் அவர்களுக்கென்று அறை கிடையாது. ஒரு அரசுக் கட்டடத்தின் பின்பக்கம், பழைய வாக்குப்பெட்டிகள் அடுக்கி வைத்த கூடத்தில் ஒரு மேசையைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஜீப் பாதி நாள் பட்டறையில் கிடக்கும் என்பதால் கடலூரிலிருந்து பஸ்ஸில்தான் போவாள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் செல்லாயி வந்தாள்.

கிள்ளையைத் தாண்டி உள்ள ஒரு குப்பத்துக்காரி. தலையில் கூடை வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்கிறவள். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகை கேட்டு எழுதியிருந்தாள். கணவன் விட்டுப்போய் ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் நண்டு வாங்கப் போன கிராம அலுவலர் ஒருவர், கையோடு விசாரணையையும் முடித்து அறிக்கை கொடுத்துவிட்டார். வீட்டுக்குள் மனுதாரரின் கணவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கொடியில் ஆண்பிள்ளை லுங்கி காய்ந்தது, ஆகவே கைவிடப்பட்டவர் அல்ல. நிராகரிப்பு.

"உங்க வூட்டுக்காரரு எப்பம்மா போனாரு?" என்று வெண்மதி கேட்டாள்.

"பாப்பா ஆறாவது படிக்கிறப்ப மேடம். பண்ருட்டில முந்திரிக்கொட்டை லோடு ஏத்துற வேலைன்னு போனாரு. அங்கியே ஒரு இட்லிக் கடைக்காரம்மாவோட தங்கிட்டாரு."

"பாப்பா இப்ப என்ன பண்ணுது?"

"நர்ஸுக்குப் படிக்குது. ரெண்டாவது வருசம்."

"அப்ப அஞ்சு வருஷத்துக்கு மேலயே ஆச்சு. ஆனா இதுல அவரு உங்க வூட்ல உக்காந்து சாப்ட்டாருன்னு போட்டிருக்கே?"

"ஆமா மேடம். சாப்ட்டாரு."

ஜெயப்பிரகாஷ் பேனாவை மூடினான். அவனைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது.

"என்ன சாப்ட்டாரு?"

ஜெயப்பிரகாஷ் மேடத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"சுறாப் புட்டு," என்றாள் செல்லாயி. "பண்ருட்டில கெடைக்கிறது ஐஸ் மீனு மேடம். அவருக்குத் தொண்டைல எறங்காது. அதுக்கோசரம் ஞாயித்துக்கெழமையானா வந்துருவாரு. பஸ்ஸ விட்டு எறங்கி நேரா சட்டிகிட்ட வந்து உக்காருவாரு. தின்னுட்டு ஒரு தூக்கம். சாயந்தரம் பஸ்ஸுக்குப் போயிருவாரு."

"நீங்க எதுக்குப் போடறீங்க?"

செல்லாயி கொஞ்சம் யோசித்தாள். "வாசல்ல வந்து நிக்கிறாரே மேடம். மாமியா பக்கத்து வூடு. போடலன்னா, பசின்னு வந்த ஆம்பளைக்குச் சோறு போடாதவன்னு ஊரே பேசும். அவரு ஓடுனதப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டாங்க."

"லுங்கி?"

"அது நான் மீன்கூடைக்குச் சும்மாடு சுத்துறது மேடம். வேணும்னா மோந்து பாக்கச் சொல்லுங்க."

ஜெயப்பிரகாஷ் அவசரமாக, தேவையில்லை என்றான்.

வெண்மதி கணவனுக்கு அழைப்பாணை அனுப்பச் சொன்னாள். இரண்டு வாரம் கழித்துச் செல்லாயி மறுபடி வந்தாள்; கணவன் பொன்னுரங்கமும் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. இப்படிப்பட்ட ஆட்கள் பொதுவாக, ஆமாம் விட்டுட்டேன், அவளுக்குப் பணத்தைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். பொன்னுரங்கம் அந்த வகை இல்லை. அவனுக்கு மானம் இருந்தது.

"நான் வுட்டுட்டுப் போனவன்னு எவன் மேடம் சொன்னது? வாரம் தவறாம வரேன். தீவாளிக்கு வரேன். மாசி மகத்துக்கு வரேன். ரெண்டு குடும்பத்தையும் சமமா பாத்துக்கிறவன் நான். பேப்பர்ல ஓடிப்போனவன்னு எழுதுனா நாளைக்கு எம்பொண்ணுக்கு மாப்ள கெடைக்குமா?"

செல்லாயி தலையில் கைவைத்தாள். அவன் பேசப் பேச அவளுடைய உதவித்தொகை கரைந்துகொண்டிருந்தது. ஜெயப்பிரகாஷ் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தான்.

"ரொம்ப நல்லதுங்க," என்றாள் வெண்மதி. "பொறுப்பான ஆளுதான். உங்க பொண்ணு என்ன படிக்குது?"

"பத்தாவது."

செல்லாயி சிரித்துவிட்டாள். "பத்தாவது முடிச்சு நாலு வருசம் ஆவுது."

"அதான், காலேஜு," என்று பொன்னுரங்கம் திருத்திக்கொண்டான். "இங்க சிதம்பரத்துலதான்."

"பாண்டிச்சேரி," என்றாள் செல்லாயி. "ஆஸ்டல்ல இருக்குது."

"போன மழைக்கு வூட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?" என்று வெண்மதி தொடர்ந்தாள்.

"வந்துச்சு மேடம், ஏன் வராது? மொழங்கால் அளவு தண்ணி. ரொம்ப கஷ்டப்பட்டோம்."

"வாசப்படியோட நின்னுருச்சு மேடம்," என்றாள் செல்லாயி.

பொன்னுரங்கத்துக்கு வியர்த்தது. பாக்கெட்டிலிருந்த பேனாக்களில் ஒன்றை எடுத்து மறுபடி சொருகினான்.

"சரி விடுங்க, சுலபமா ஒண்ணு கேக்குறேன். அந்த வூட்ல அரிசி எதுல போட்டு வச்சிருக்காங்க?"

அவன் செல்லாயியின் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு அவன் நேர்மையாகவே சொன்னான். "அது சோறா ஆனப்பறம்தான் மேடம் எனக்குத் தெரியும்."

"ஜெயப்பிரகாஷ், இத அப்பிடியே எழுதிக்கங்க."

அன்று சாயங்காலம் செம்மண்டலத்தில் தன் வீட்டுக்குத் திரும்பியபோது, வெண்மதியின் கணவன் ஸ்ரீதர் சோபாவில் கால் நீட்டி செல்போனில் யாரோ கிணறு வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். எங்கேயும் போகாதவன். சோபாவை விட்டே போகாதவன்.

"ஏங்க, நம்ம வீட்ல அரிசி எதுல இருக்கு?"

"கிச்சன்ல."

"கிச்சன்ல எதுல?"

"இது என்ன திடீர்னு?"

"பையன் எந்தக் கம்பெனில வேலை பாக்குறான்?"

"பெங்களூர்ல."

"அது ஊரு."

ஸ்ரீதர் போனை இறக்கிவைத்தான். "என்ன வெண்மதி, ஆபீஸ்ல எதாச்சும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல. நானும் ஒரு மனு போட்டுப் பாக்கலாமான்னு யோசிக்கிறேன். தோசை எத்தன?"

"மூணு போதும்."

அவள் தோசைக்கல்லை வைத்துவிட்டு, வைத்த பிறகுதான், தான் செய்துகொண்டிருப்பதைக் கவனித்தாள். சிரிப்பு வந்தது. மூன்றைச் சுட்டுக் கொடுத்தாள்.

ஸ்ரீதருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை அலுவலகத்தில் கோப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "நீல டிரம்ல இருக்கு," என்றான், புதையல் எடுத்தவன் மாதிரி.

"நல்லது. அதுலேருந்து ரெண்டு ஆழாக்கு எடுத்துக் கழுவி ஊற வையுங்க."

லைன் கட்டாகிவிட்டதோ என்று அவள் பார்த்தாள். கட்டாகவில்லை.

செல்லாயி வழக்கில் உத்தரவை வெண்மதி தானே எழுதினாள். 'வாரம் ஒருமுறை உணவருந்தும் நோக்கத்துடன் மட்டும் ஒரு வீட்டுக்கு வந்து செல்பவர் அவ்வீட்டின் விருந்தாளி ஆவாரேயன்றி, அங்கு குடித்தனம் நடத்துபவர் ஆகார். விருந்தாளிக்கு உணவளித்தது மனுதாரரின் பண்பைக் காட்டுகிறதேயொழிய அவர் கைவிடப்படவில்லை என்பதைக் காட்டவில்லை. மேல்முறையீடு ஏற்கப்படுகிறது.'

ஜெயப்பிரகாஷ் அதைப் படித்துவிட்டு நின்றுகொண்டே இருந்தான்.

"என்ன?"

"விருந்தாளின்னு அரசாணைல எங்கயும் இல்ல மேடம்."

"கைவிடுறதுன்னா என்னன்னு இருக்கா?"

"அஞ்சு வருஷம்னு இருக்கு."

"எதுலேருந்து அஞ்சு வருஷம்? ஆளு போனதுலேருந்தா, கடைசியா சோறு தின்னதுலேருந்தா?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "தெளிவுரை கேட்டு மேல எழுதலாம் மேடம்."

"எழுதுங்க. பதில் வர்றதுக்குள்ள செல்லாயிக்கு முதியோர் பென்ஷனுக்கே வயசு வந்துரும்," என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டாள்.

இந்த உத்தரவு கடற்கரைக் குப்பங்களில் வாட்ஸாப்பில் சுற்றியது. வெண்மதிக்கு 'விருந்தாளி மேடம்' என்று பெயர் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் வாக்குப்பெட்டிக் கூடத்தில் கூட்டம் தாங்கவில்லை. எல்லா வீட்டுக் கணவன்மாரும் விருந்தாளிகளாக மாறியிருந்தார்கள். சம்பளத்தைக் கொடுத்துவிட்டுத் திண்டாடும் அப்பாவிகள்கூட மாறியிருந்தார்கள். ஒருத்தி தன் புருஷன் மனசளவில் போய்விட்டதாகச் சொன்னாள். உடல் எங்கே என்று கேட்டபோது, வெளியே வண்டியில் காத்திருப்பதாகச் சொன்னாள்.

அதில் வெண்மதி ஏமாந்ததும் உண்டு. ரேகா என்று ஒருத்தி, ஓடிப்போன கணவனைப் பற்றி அவ்வளவு அழகாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த ஜெயப்பிரகாஷே மூக்கை உறிஞ்சினான். உத்தரவு கொடுத்த மறுமாதம் சிதம்பரம் பஸ் நிலையத்தில் வெண்மதி நின்றபோது, அதே ரேகா ஒரு ஆளோடு கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் தம்ளரைக் கீழே வைத்து, பவ்யமாகக் கும்பிட்டான். "வணக்கம் மேடம். நான்தான் அந்த வுட்டுட்டுப் போனவரு."

அவ்வளவு மரியாதையாக யாரும் அவளை அவமானப்படுத்தியதில்லை. உத்தரவை ரத்து செய்தாள். அந்த எரிச்சலில் அடுத்த வெள்ளிக்கிழமை வந்த ஒரு பெண்ணைக் குடைந்து குடைந்து கேட்டாள். அவள் நிஜமாகவே கைவிடப்பட்டவள். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, "இன்னும் என்னா மேடம் வேணும், அழுவணுமா?" என்று கேட்டாள். வெண்மதிக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். 'விருந்தாளி என்ற சொல்லுக்கு அடிப்படை யாது?' என்று கேட்டு ஒரு குறிப்பு எழுதிவிட்டுப் போனார்கள். 'தமிழ்' என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினாள். அந்தக் குறிப்பு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அவள் ஓய்வுபெறும் நாளன்று அதைத் தூக்கிக்கொண்டு யாராவது வருவார்கள் என்று ஜெயப்பிரகாஷ் கவலைப்படுகிறான். வரட்டும், அன்றைக்கு எல்லாருக்கும் கேக் உண்டு என்கிறாள் அவள்.

கோடை தொடங்கிய பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. கடலூர் அலுவலகத்தில் வரிசையின் நடுவில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று தெரிந்தது. பொன்னுரங்கம். கையில் தட்டச்சு செய்த மனு. 'என்னை விருந்தாளி என்று குறிப்பிட்டதை நீக்கி, குடும்பத் தலைவர் என்று திருத்தி உத்தரவிட வேண்டும்.'

"என்னங்க ஆச்சு?" என்றாள் வெண்மதி.

"சோறு போட மாட்றா மேடம்."

"ஏன்?"

"நீங்க எழுதுனதுதான். ஞாயித்துக்கெழமை போனேன். கதவத் தொறக்காம ஜன்னலு வழியா பேசுறா. நீ வந்து தின்னா என் பென்சன நிறுத்திருவாங்க, கவர்மெண்ட்டு ஆளு போட்டு வாட்ச் பண்ணுதுங்குறா. எங்கம்மாவும் அவ கூட சேந்துகிட்டு, ஆமாண்டா போயிருடா, மருமவளுக்கு வர்றத கெடுக்காதங்குது."

வெண்மதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். யாரும் வாட்ச் பண்ணவில்லை. அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. இத்தனை வருஷம் தன்னால் சொல்ல முடியாமல் கிடந்த ஒரு வார்த்தையைச் செல்லாயி அரசாங்கத்தின் பெயரில் சொல்லிவிட்டாள். ஊர் வாயும் மூடிக்கொண்டது, மாமியார் வாயும் மூடிக்கொண்டது. உதவித்தொகை கேட்டு வந்தவள் எதை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள் என்று வெண்மதிக்கு இப்போதுதான் விளங்கியது.

"போன வாரம் போறேன், வூடே பூட்டிக் கெடக்குது," என்று அவன் தொடர்ந்தான். "பாண்டிக்குப் போயிருக்காளாம், பொண்ணப் பாக்க. ஞாயித்துக்கெழமைல, சமைக்க வேண்டிய நேரத்துல."

"சரி. நீங்க போட்டிருக்கிறது மேல்முறையீடு. இங்க மேல்முறையீடு பண்ணணும்னா உங்களுக்கு அரசாங்கம் எதாச்சும் மறுத்திருக்கணும். உங்களுக்கு மறுக்கப்பட்டது என்ன?"

பொன்னுரங்கம் கண்கலங்கிவிட்டான். "கொழம்பு மேடம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெயப்பிரகாஷ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கடமையாக விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "அந்தத் தலைப்புல ஏதும் இல்ல மேடம்," என்றான்.

"அப்ப மனு ஏத்துக்கறதுக்கில்ல. பண்ருட்டிலயே சமைக்கக் கத்துக்கங்க. இட்லிக் கடைக்காரம்மா இருக்காங்கல்ல?"

"அது சைவம் மேடம்."

வெண்மதி பேனாவை எடுத்தாள். மனுவின் ஓரத்தில் 'தள்ளுபடி' என்று எழுதினாள். பொன்னுரங்கம் அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில் திரும்பி, பாண்டிச்சேரிக்கு எந்தப் பஸ் நிலையத்தில் ஏற வேண்டும் என்று விசாரித்தான்.

"எதுக்கு?"

"பொண்ணு என்ன காலேஜுன்னு பாத்துட்டு வரலாம்னுதான்."

வெண்மதி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். சோற்றுக்காகப் போகிறானா, பெண்ணுக்காகப் போகிறானா என்று சொல்ல முடியவில்லை. அவனுக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்தான்.

"கடலூர் பஸ் ஸ்டாண்டுல அடிக்கடி வண்டி இருக்கு," என்றாள். "ஆனா வெறுங்கையோட போவாதீங்க. பண்ருட்டிலேருந்து வர்ற ஆளு, ஒரு பலாப்பழமாவது எடுத்துட்டுப் போங்க."

அவன் போனதும் ஜெயப்பிரகாஷ் அடுத்த பெயரைக் கூப்பிட்டான். வாசலில் ஒரு அம்மா எழுந்து, கீழே விரித்து உட்கார்ந்திருந்த பையை உதறி இடுப்பில் சொருகிக்கொண்டு, சண்டைக்குத் தயாராக உள்ளே வந்தாள். வெண்மதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"வாங்கம்மா. உங்களுக்கு என்ன காரணம் எழுதி அனுப்புனாங்க?"